மதுரை வட்டாரமும் தமிழ் மிகுபுனைவும்: மதிப்புரைக்கு உரிய நூல்களும் சித்திரக்கதைகளும்

அறிவியல் புனைகதையும் மிகுபுனைவும் தமிழில் மிகுதியாக வாசிக்கப்பட்டு, மிகக் குறைவாக விமர்சிக்கப்பட்ட வகைகள். நடைமுறை உலகில் நிகழ முடியாத ஒன்றை நிகழ்ந்ததாக வைத்துக்கொண்டு சொல்லப்படும் கதை மிகுபுனைவு. நிகழ முடியாத அந்த ஒன்றுக்கு அறிவியல் சார்ந்த காரணம் காட்டப்படுமானால் அது அறிவியல் புனைகதை. மந்திரக்கோல் தொட்டு மறைபவன் முதல் வகை. மின்சாரம் பாய்ந்து மறைபவன் இரண்டாம் வகை.

இவ்வகைக் கதைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிறுவயது நினைவாகப் போற்றுகிறார்கள், அல்லது பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறார்கள். இரண்டிலும் நூல் படிக்கப்படுவதில்லை. மதுரை நகரும் அதைச் சுற்றிய சமவெளியும் இவ்வகை எழுத்துக்கு அளித்த பங்கு பெரியது. அவற்றில் மதிப்புரைக்கு உரியவை எவை, அவற்றை எந்த அளவுகோலால் மதிப்பிடலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கதைகளின் முடிவுகளும் ஆங்காங்கே குறிப்பிடப்படுகின்றன.

பின்னணி

மதுரையின் நிலக்காட்சியே கதையோடு கலந்தது. நகரைச் சுற்றியுள்ள யானைமலை, நாகமலை, பசுமலை ஆகிய மூன்றும் மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் பாம்பும் பசுவும் மலையாகிக் கிடப்பவை என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய இந்நூலில் 64 திருவிளையாடல்கள் உள்ளன. நரி பரியாகிறது, கல் யானை கரும்பு தின்கிறது. பேருந்தில் ஒத்தக்கடையைக் கடக்கும் பள்ளிச் சிறுவனும் யானைமலையைப் பார்த்து இக்கதையைக் கேட்டு வளர்கிறான். எனவே இவ்வட்டார வாசகருக்கு வியப்புக் கதை வெளியிலிருந்து வந்த சரக்கன்று.

பக்தி நூலாகப் போற்றப்படும் புராணத்தையும் இக்காலப் பொழுதுபோக்குக் கதையையும் ஒன்றாக வைக்க வேண்டியதில்லை. ஆயினும் வியப்பைக் கதையில் எவ்வாறு பயன்படுத்துவது என்பதற்குப் புராணத்தில் நல்ல பாடம் இருக்கிறது.

மதிப்பிடும் அளவுகோல்

பிட்டுக்கு மண் சுமந்த கதை அனைவரும் அறிந்தது. வைகையில் வெள்ளம் பெருகிக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது அரசாணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கு அனுப்ப ஆள் இல்லை. கூலியாளாக வரும் இறைவன் பிட்டைக் கூலியாகப் பெற்று உண்டுவிட்டு, வேலை செய்யாமல் ஆடிப் பாடிக் காலம் போக்குகிறான். பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த ஓர் அடி, அடித்த அரசன் உட்பட எல்லா உயிர்கள்மேலும் விழுகிறது. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரைப் புட்டுத்தோப்பில் இது இன்றும் நடித்துக் காட்டப்படுகிறது.

இக்கதை எதனால் நிற்கிறது? முதலாவதாக, இது ஒரு வீட்டின் கவலையில் தொடங்குகிறது. அரசாணைக்கு அனுப்ப ஆளில்லாத ஒரு கிழவியின் சிக்கல் அது. இரண்டாவதாக, வியப்புக்குத் தெளிவான விதி இருக்கிறது: ஒருவன்மேல் விழும் அடி எல்லோர்மேலும் விழும். மூன்றாவதாக, அந்த விதிக்கு ஒரு விலை இருக்கிறது. அதை அதிகாரம் உடையவனும் கொடுக்கிறான்.

இந்த மூன்றையும் கேள்விகளாக்கிக் கொள்ளலாம். கதை யாருடைய எந்தச் சிக்கலிலிருந்து தொடங்குகிறது? வியப்பின் விதி என்ன, ஆசிரியர் அதைக் கடைசிவரை காப்பாற்றுகிறாரா? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்? விதியைத் தன் வசதிக்கு வளைக்கும் கதையில் வாசகருக்கு அச்சமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. நாயகன் எப்படியும் தப்பிவிடுவான் என்பது தெரிந்துவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1942இல் வெளியான ஒரு சிறுகதையில் இயந்திர மனிதர்களுக்கு மூன்று விதிகளை வகுத்துக்கொண்டு, அவ்விதிகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களிலிருந்தே பல கதைகளை உருவாக்கினார். விதி கதைக்குத் தடையாக இல்லாமல் ஊற்றாக இருக்கும் என்பதற்கு அது சான்று.

கன்னித்தீவு

சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய நாளிதழ் தினத்தந்தி. அதில் 1960 முதல் நாள்தோறும் வெளிவரும் படக்கதை கன்னித்தீவு. மந்திரவாதி மூசாவால் சிறு உருவமாக்கப்பட்ட இளவரசி லைலாவுக்காகச் சிந்துபாத் மேற்கொள்ளும் பயணம் இதன் அடிப்படை. முடியாத எதையும் “கன்னித்தீவு போல” என்று சொல்வது பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்களுக்கும் எட்டக்கூடிய தமிழ்ச் சித்திரக்கதை இது. தேநீர்க்கடைப் பலகையில் நாளிதழின் பிற செய்திகளைப் படிக்காதவரும் இதைப் பார்த்துவிட்டுப் போவார். நாள்தோறும் சில கட்டங்களுக்குள் ஒரு சிறு நிகழ்வையும் அடுத்த நாளுக்கான ஒரு கேள்வியையும் அமைப்பது எளிய வேலையன்று.

ஆனால் மேற்சொன்ன அளவுகோலில் கன்னித்தீவு நிற்காது. ஓர் அரக்கன் வீழ்ந்தால் அடுத்தவன் வருகிறான். ஒரு மந்திரத்தை இன்னொரு மந்திரம் முறிக்கிறது. முடிவே இல்லாத கதையில் எந்த இழப்பும் இறுதியான இழப்பாவதில்லை. எனவே இதை ஒரு நாவலைப் போல மதிப்பிடாமல், நாளிதழ் வாசிப்புப் பழக்கத்தை வளர்த்த வடிவமாக மதிப்பிடுவதே முறை.

சிவகாசியின் சித்திரக்கதைகள்

மதுரைக்குத் தெற்கே ஏறக்குறைய 70 கி.மீ. தொலைவிலுள்ள சிவகாசி அச்சுத்தொழிலுக்குப் பேர்பெற்றது. தீப்பெட்டிச் சீட்டும் நாட்காட்டியும் அச்சிட்ட அந்த ஊரிலிருந்து 1972இல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் தொடக்ககால ஆசிரியர் முல்லை தங்கராசன். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார்.

முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் 1962இல் தொடங்கிய கதையின் தமிழாக்கம் அது. மூலக்கதையை முதலில் எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் பல்மர். பின்னர் டாம் டல்லி. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், உயர் மின்னழுத்தம் பாயும்போது மறைந்துவிடுகிறார். இரும்புக்கை மட்டும் மறைவதில்லை.

இந்தக் கதையின் வலிமை அந்த ஒரு விதியில்தான் இருக்கிறது. மறைவதற்கு மின்சாரம் வேண்டும், மறைவு நிலைத்திருக்காது, கை தெரிந்துகொண்டே இருக்கும். எதிரிக்குப் பிடிகொடுக்கும் குறையும் நாயகனின் அடையாளமும் ஒன்றே. எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய ‘மறைந்த மனிதன்’ நாவலில் நாயகன் ஆடையின்றிக் குளிரில் நடுங்க வேண்டும். உண்ட உணவு செரிக்கும்வரை பிறர் கண்ணுக்குத் தெரியும். மறைவுக்கு விலை வைப்பதில் மாயாவியின் கதை அந்த மரபைச் சேர்ந்தது.

மாயாவிக் கதைகள் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல. முதற்கதையில் கிராண்டேல் நல்லவர் அல்லர். கிடைத்த ஆற்றல் அவரைக் குற்றவாளியாக்குகிறது. கையை இழந்த மனிதனுக்குத் திடீரென எல்லையற்ற வாய்ப்பு வந்தால் என்ன ஆவான் என்ற கேள்வி அதில் இருக்கிறது. பிற்காலக் கதைகளில் அவர் உளவு அமைப்பின் ஆளாகிறார். புதுப்புது எதிரிகள் வருகிறார்கள். அவருடைய உள்ளத்தில் நடப்பது எதுவும் இல்லை. படங்களின் அழகு குறையாவிட்டாலும் கதையின் எடை குறைகிறது. மதிப்புரையாளர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது முதற்கதையைத்தான்.

பிளாஸ்கோவின் ஓவியம் தனியே பேசத்தக்கது. கறுப்பு மையின் அடர்த்தியால் அவர் இருட்டை உருவாக்குகிறார். அந்த இருட்டில் ஒற்றைக் கை மட்டும் வெளிச்சத்தில் நிற்கிறது. உருவமே இல்லாத ஒருவனை நாயகனாக வரைய வேண்டிய சிக்கலை அவர் சுற்றியிருப்பவர்களின் முகத்தால் தீர்க்கிறார். கட்டத்தில் தெரியும் அச்சமும் திகைப்பும் மற்றவர்களுடையவை.

லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்தவற்றில் ஸ்பைடர் குறிப்பிடத்தக்கது. குற்றவாளிகளின் அரசனாக விரும்பும் ஒருவனை நாயகனாக்கிய கதை இது. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் இதைப் பின்னர் எழுதினார். வரைந்தவர் ரெக் பன். கருவிகளுக்குக் கணக்கே இல்லாததால் விதி தளர்ந்துவிடுகிறது. ஆனால் நாயகனின் தற்பெருமை நகைச்சுவையாக மாறிக் கதையைக் காப்பாற்றுகிறது. இரும்பு மனிதன் ஆர்ச்சியின் கதைகள் இளம் வாசகருக்குக் காலப்பயணம் என்ற கருத்தை எளிதாக அறிமுகப்படுத்தின.

இம்மரபின் குறைகளையும் சொல்ல வேண்டும். அக்காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்கள் எழுத்தாளர், ஓவியர் பெயர்களைப் பெரும்பாலும் அச்சிடவில்லை. அதனால் தமிழ் வாசகருக்கும் நாயகனைத் தெரியும், படைத்தவரைத் தெரியாது. இன்னொன்று, மொழிபெயர்ப்பின் வெற்றி சொந்தப் படைப்புக்கான இடத்தைச் சுருக்கிவிட்டது. எழுத்தாளர் வாண்டுமாமாவும் ஓவியர் செல்லமும் இணைந்து உருவாக்கிய படக்கதைகள் தமிழிலேயே பிறந்தவை. அவ்வழி தொடர்ந்திருந்தால் வைகைக் கரையிலும் ஒரு மாயாவி நடமாடியிருப்பான்.

சுஜாதா: ஓர் ஒப்பீடு

சுஜாதா (1935–2008) மதுரையைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் தமிழ் அறிவியல் புனைகதையைப் பற்றிய எந்தப் பேச்சும் அவரைத் தொடாமல் நகராது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும் தமிழில் அதிகம் அறியப்பட்ட அறிவியல் புனைகதைகள்.

கதை 2020களின் தொடக்கத்து இந்தியாவில் நடக்கிறது. ஜீவா என்னும் தலைவர் ஆள்கிறார். பெயர்கள் இரண்டெழுத்துக்கு மேல் போகக்கூடாது. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். நிலாவுக்கு அந்த அனுமதி கிடைக்கும் வேளையில் கணவன் சிபி காணாமல் போகிறான். வீட்டுக்கு வந்து சேரும் ரவியுடன் ஜீனோ என்னும் இயந்திர நாயும் வருகிறது.

இங்கும் கதை ஒரு வீட்டில் தொடங்குவதைக் கவனிக்கலாம். சர்வாதிகாரத்தை விளக்க ஆசிரியர் பீரங்கியைக் காட்டவில்லை. பெயரின் நீளத்தைக் குறைத்துக் காட்டினார். குழந்தைக்குப் பெயர் வைப்பதும் உரிமையாக இல்லாத நாடு எத்தகையது என்பது விளக்கமின்றிப் புரிகிறது. ஆளும் ஜீவா ஒரு முப்பரிமாண ஒளி உருவம் என்று தெரியவரும்போது, முன்பு கண்ட அச்சம் முழுவதும் வேறு பொருள் கொள்கிறது. இல்லாத ஒருவனுக்கு ஒரு நாடு அடங்கிக் கிடந்திருக்கிறது. திரையில் தோன்றும் உருவத்தையும் குரலையும் நம்ப முடியாத இன்றைய வாசகருக்கு இப்பகுதி முன்னைவிட நெருக்கமாகவே இருக்கும்.

பிற்பகுதியில் சதியும் துரத்தலும் மிகுந்து, நிலாவின் மனநிலை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. வாரத் தொடரின் தேவை அங்கே கதையை இழுத்துச் செல்கிறது. ஆயினும் விதியையும் விலையையும் ஒருசேரக் காப்பாற்றிய முன்னோடி நாவல் என்பதில் ஐயமில்லை. அவருடைய ‘திமலா’ என்னும் சிறுகதை எதிர்காலத் திருமலைத் தரிசனத்தைக் கற்பனை செய்கிறது. காலம் எவ்வளவு மாறினாலும் மனிதரின் தேடல் மாறாது என்பதைச் சில பக்கங்களில் சொல்லும் அக்கதை வகுப்பறையில் படிக்க ஏற்றது.

இந்திரா சௌந்தர்ராஜன்: இரு கதவுள்ள வீடு

மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மதுரையிலேயே மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன், அமானுஷ்யக் கதைகளுக்குப் பேர்பெற்றவர். சித்தர்கள், நவபாஷாணம், ஏட்டுச்சுவடி, குலதெய்வம் ஆகியவை அவருடைய கதைப்பொருள்கள். அவருடைய ‘விட்டுவிடு கருப்பா’ நாவலை அடிப்படையாகக் கொண்டு, ‘மர்ம தேசம்’ வரிசையில் இயக்குநர் நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொலைக்காட்சித் தொடர் 1997இல் ஒளிபரப்பானது.

அக்கதையின் மையம் கருப்பசாமி. தவறு செய்பவர்களை வெள்ளைக் குதிரையில் வந்து கருப்பு தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. மதுரைக்கு வடக்கே ஏறக்குறைய 20 கி.மீ. தொலைவிலுள்ள அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் மூடிய கதவுகளுக்கு முன் சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பொய்ச் சத்தியம் செய்தவனைக் கருப்பு சும்மா விடாது என்பது இவ்வட்டாரத்து நம்பிக்கை. கதையின் விதி அங்கிருந்தே எடுக்கப்பட்டது. வாசகருக்கு அதை விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

கருப்பின் பெயரால் நடக்கும் தண்டனைகளுக்குப் பின்னால் பிளவாளுமை கொண்ட ஒரு மனிதன் இருப்பதாகத் தொடர் விளக்குகிறது. ஆனால் நம்பிக்கையை முற்றிலும் தள்ளிவிடுவதில்லை. ஒரு கதவு மனநல மருத்துவத்துக்கும் மற்றொரு கதவு கோயிலுக்கும் திறக்கும் வீடு போன்றது இக்கதை. எந்தக் கதவு வழியாக வெளியேறுவது என்பது வாசகர் பொறுப்பு. இது துணிவின்மை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் இவ்வட்டாரத்தில் பலரும் மருத்துவரிடமும் போகிறார்கள், கோடாங்கியிடமும் போகிறார்கள். அந்த வாழ்க்கைக்கு இவ்வடிவம் உண்மையானது.

இவரது எல்லா நாவல்களிலும் இந்தச் சமநிலை இல்லை. விரைந்து எழுதப்பட்ட சிலவற்றில் சித்தர் ஒருவர் வந்து நீண்ட உரையாற்றி எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடுகிறார். அப்போது கதை தகவலாகிவிடுகிறது. ‘விட்டுவிடு கருப்பா’வில் ஊர் பேசுகிறது, பலவீனமான நாவல்களில் ஆசிரியர் பேசுகிறார். மதிப்புரையாளர் இந்த வேறுபாட்டைக் காட்டினாலே வாசகர் எதை எடுப்பது என்று முடிவு செய்துகொள்வார்.

வேள்பாரி

மதுரையைச் சேர்ந்த சு. வெங்கடேசன் எழுதி, ஓவியர் மணியம் செல்வன் படங்களுடன் ஆனந்த விகடனில் 2016 முதல் தொடராக வந்தது ‘வீரயுக நாயகன் வேள்பாரி’. பின்னர் இரு தொகுதிகளாக நூலானது. பாரியின் பறம்பு மலை எனக் கருதப்படுவது சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை. நூல் வரலாற்றுப் புனைவு என்றே அறியப்படுகிறது. ஆனால் அதன் கதைமுறையில் மிகுபுனைவின் கூறுகள் நிறைய உண்டு. அரிய செடிகளும் விலங்குகளும் வழக்கங்களும் நிறைந்த ஒரு மலையுலகை ஆசிரியர் கட்டியெழுப்புகிறார். கபிலரோடு வாசகரும் அந்த மலையில் ஏறிப் புதியவராக ஒவ்வொன்றையும் அறிகிறார்.

இதன் சிறந்த கற்பனை தேவவாக்கு விலங்கு. தேவாங்கை நினைவூட்டும் இச்சிறு விலங்கு எப்போதும் வடதிசை நோக்கியே அமரும். மலைமக்களுக்கு அது புனிதம். கடல் கடந்து வணிகம் செய்வோருக்கு அது திசைகாட்டி. எனவே அரசர்கள் அதை அடைய விரும்புகிறார்கள், போர் மூள்கிறது. ஒரே ஒரு விதியிலிருந்து வணிகமும் அரசியலும் அழிவும் கிளைக்கின்றன. கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இப்பகுதி முழுமையாக விடை தருகிறது. விலையைக் கொடுப்பது அந்த விலங்கும் அதைக் காக்க நிற்கும் மக்களும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்குக்கென 2022இல் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டதை நினைத்துக்கொண்டு படித்தால், இக்கற்பனை எவ்வளவு பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது விளங்கும்.

நாவலின் குறை அதன் பாகுபாட்டில் இருக்கிறது. பறம்பில் ஏறக்குறைய எல்லாமே நன்மை; சமவெளி அரசுகளில் ஏறக்குறைய எல்லாமே பேராசை. உழுது வாழும் சமவெளி மக்களின் குரல் மெலிந்தே கேட்கிறது. மூவேந்தரும் தனித்தனி மனிதராக உருப்பெறவில்லை. இவ்வளவு விரிந்த உலகைக் கட்டியவர் எதிரணிக்கும் ஒரு நியாயம் கொடுத்திருந்தால் போர்க்காட்சிகளின் துயரம் கூடியிருக்கும்.

பிற நூல்கள்

ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு அறிவியல் புனைகதையை இந்திய அறிவு மரபிலிருந்து உருவாக்க முயல்கிறது. சித்த மருத்துவமும் ரசவாதமும் அதில் கதைக்கருவாகின்றன. க. சுதாகரின் ‘6174’ நாவல், இந்தியக் கணித ஆசிரியர் கப்ரேகர் கண்டறிந்த எண்ணைத் தலைப்பாகக் கொண்டது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்துக்கொண்டே போனால், எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாதவரை 6174இல் வந்து நிற்கும். மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பார்த்துவிட்டு நாவலைத் தொடங்கலாம். புதுமைப்பித்தனின் ‘கபாடபுரம்’, இடைச்சங்கம் இருந்ததாகச் சொல்லப்படும் கடல்கொண்ட நகரைச் சிறுகதைக்குள் கொண்டுவந்தது. மதுரைச் சங்கத்தின் முன்கதை எவ்வாறு மிகுபுனைவாகலாம் என்பதற்கு அது முன்மாதிரி.

மதிப்புரை எழுதுவோர் கவனத்துக்கு

இவ்வகை நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது பாதுகாப்புப் பணியும் ஆகும். மலிவுத் தாளில் அச்சான பழைய சித்திரக்கதைகள் பழுத்து நொறுங்குகின்றன. மாத நாவல்கள் பழைய காகிதக் கடைக்குப் போய்விட்டன. எந்த நூலைப் பற்றி யாரும் எழுதவில்லையோ, அந்த நூலை யாரும் மறுபதிப்புக்குக் கேட்பதில்லை. நூலகமும் அதைத் தேடி வாங்குவதில்லை. மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகங்களில் மாணவர்கள் இந்நூல்களைக் கேட்க வேண்டும். கேட்பதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே மதிப்புரையில் சில விவரங்கள் தவறாமல் இடம்பெற வேண்டும். முதலில் எந்த இதழில், எந்த ஆண்டில் வந்தது என்பது ஒன்று. சித்திரக்கதையானால் எழுத்தாளர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் மூவரின் பெயரும் வேண்டும். தொடர்கதைக்கும் நூல்வடிவத்துக்கும் வேறுபாடு இருந்தால் குறிப்பிட வேண்டும். கதைச்சுருக்கம் மதிப்புரையில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. சிறுவயதில் பிடித்தது என்பது காரணமாகாது. இன்று மீண்டும் படித்தபோது எந்தப் பக்கம் நின்றது, எந்தப் பக்கம் சரிந்தது என்று எழுத வேண்டும்.

இங்கே பேசப்பட்டவற்றில் ஒரு மாணவர் மூன்றை மட்டும் படிக்க முடியுமானால், இரும்புக்கை மாயாவியின் முதற்கதை, ‘என் இனிய இயந்திரா’, ‘விட்டுவிடு கருப்பா’ என்ற வரிசையில் படிக்கலாம். முதலாவது ஒரு கையில் தொடங்குகிறது. இரண்டாவது ஒரு வீட்டில். மூன்றாவது ஓர் ஊரில். மூன்றையும் முடித்தவர் வேள்பாரியின் மலையில் ஏறத் தயாராகிவிடுவார். அதன் குறைகளைக் கண்டு வாதிடவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.